ஜோடி பார்த்து வாங்கிய சக்கரங்கள்

சொந்தத் தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பவனை அடுத்த தொழில்காரர் கடைக்குத் தனியாக அனுப்பக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் நாலு பேரைக் கேட்டு வாங்குவான். கெட்டிக்காரன் யாரையும் கேட்கமாட்டான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன். இடது ஷூவையும் வலது ஷூவையும் டியூப் லைட்டுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறமும் தோலின் வரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜோடி சேராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். (என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய சூப்பர்வைசர் ஒருவர், "இத எப்படி சார் பாஸ் பண்ணாங்க?" என்று கேட்டார். பாஸ் பண்ணியது என் மனைவி.)

சர்க்கரை ஏறியதும், மாத்திரையைக் கூட்டுமுன் கொஞ்சம் சைக்கிள் மிதித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மலை சைக்கிள் ஒன்று வாங்கினேன். மலை ஏறும் உத்தேசமெல்லாம் இல்லை; தள்ளுபடி அதற்குத்தான் இருந்தது. டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயர். தார் ரோட்டில் அது உறுமிய உறுமலுக்கு நாய்கள் ஒதுங்கின, வேகம்தான் வரவில்லை. பால்காரர் போனில் பேசியபடியே தன் பழைய சைக்கிளில் என்னைத் தாண்டிப் போவார். ஆனாலும் சர்க்கரை இறங்கியது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு என் இஷ்டப்படி நான் போய்வந்த ஒரே நேரமும் அதுதான்.

வேலூரில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "ஏங்க, ஒரு தடவ கீழ விழுந்தா போதும், வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்டும். எலும்பு வார்டுல வந்து உங்களப் பார்க்க எனக்கு நேரம் கெடையாது."

ரோட்டுக்கென்று மெல்லிய டயரோடு இன்னொரு செட் சக்கரம், மலிவாக, பழசாகக் கிடைத்தால் தேவலை என்று வேலூரில் ஒரு பழைய சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு செட் காட்டினார். ஒன்று கறுப்பும் கறுப்பும். இன்னொன்றில் முன்சக்கரம் சிவப்பு, பின்சக்கரம் கறுப்பு.

"வண்டில பிரேக் இன்னா மாதிரி சார்?"

"அருமையா புடிக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செவப்பும் கறுப்பும் எடுத்துக்குங்க சார். எதுக்கும் சேஃப். ரேட்டும் கம்மி."

"ஜோடி சேரலியே."

"சக்கரத்துக்கு இன்னா சார் ஜோடி? ஒண்ணு முன்னாடி போவுது, ஒண்ணு பின்னாடி வருது. ரெண்டும் பக்கத்துல நிக்கவே போறதில்ல."

தரம் பார்ப்பவனிடம் பேசுகிற பேச்சா இது? கறுப்பு இரண்டையும் டியூப் லைட்டுக்குக் கொண்டுபோய் நிறம், பளபளப்பு, கீறல் எல்லாம் ஒப்பிட்டேன். அப்பழுக்கில்லாத ஜோடி. பாஸ்.

வீட்டில் நானே மாட்டினேன். வண்டியோடு வந்த சக்கரங்களின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு இருந்தது, வாங்கி வந்தவற்றில் இல்லை. கனத்தைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு என்று மெச்சிக்கொண்டேன். பிரேக்கை அழுத்தினேன். 'டக்' என்று சத்தம் வந்தது. வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பறந்தேன். பால்காரரைத் தாண்டினேன். (திரும்பிப் பார்த்து வணக்கம் வேறு சொன்னேன்.) அந்தத் திமிரிலேயே ரயில்வே மேம்பாலம் ஏறி, மறுபக்கம் இறங்கினேன்.

பிரேக் பிடிக்க வேண்டியது அந்தத் தட்டைத்தான் என்பதும், சிவப்பு-கறுப்பைக் கடைக்காரர் ஏன் 'சேஃப்' என்றார் என்பதும் பாதி இறக்கத்தில் விளங்கின. இறக்கத்தில் பல விஷயங்கள் விளங்கும்; பயன்படுத்திக்கொள்ள நேரம்தான் இருக்காது. காலை ஊன்றிப் பார்த்தேன். செருப்பு போயிற்று.

இறக்கம் முடியும் இடத்தில், தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் வாசலில் லோடு ஆட்டோ பின்கதவு திறந்து நின்றது. உள்ளே 'வெட் ப்ளூ': பாதி பதனிட்ட, ஈரம் சொட்டும் நீலத் தோல், மெத்தை மெத்தையாக. "ஒதுங்குங்க!" என்று கத்தினேன். டிரைவர் ஒதுங்கினார். சைக்கிள் ஆட்டோவில் மோதி நின்றது. நான் நிற்கவில்லை.

யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"சார், உயிரோட கீறீங்களா?" டிரைவர் அன்வர் பாய்.

"பிரேக் புடிக்கல பாய்."

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "டிஸ்க் எங்க சார்?"

"வீட்ல."

"வீட்ல வச்சிட்டு வந்தீங்களா? இன்னாத்துக்கு, தேஞ்சி போய்டும்னா?"

லோடு இறக்க வந்தவர்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு கீறல் இல்லை. முன்சக்கரம்தான் அப்பளமாக நெளிந்திருந்தது. நான் பாஸ் பண்ணிய ஜோடி அத்தோடு பிரிந்தது.

அன்வர் பாய் என் முகத்தின் நீலத்தைத் துடைத்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ஸ்டெல்லா சிஸ்டர் வூட்டுக்காரர்தானே? எங்கம்மா ஆபரேஷனப்ப அவங்கதான் பார்த்துக்கினாங்க."

"பாய், அவளுக்குத் தெரிஞ்சா வண்டி போய்டும்."

"பேஜார் ஆவாதீங்க சார். பொய் சொல்லமாட்டேன். உண்மைய கொஞ்சம் கம்மியா சொல்றேன்."

லோடை இறக்கிவிட்டு, சைக்கிளையும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சர்ச்சுக்குக் கிளம்பி கேட்டருகே நின்ற ஸ்டெல்லா, நெற்றி முதல் இடுப்புவரை நீலமாக, தோல் ஷாப் நாற்றத்தோடு இறங்கிய என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றார் அன்வர் பாய். "லோடு எண்ணிப் பார்த்தா ஒரு தோலு ஜாஸ்தியா இருந்துச்சு. யாருதுன்னு தெரிஞ்சுது, கொண்டாந்துட்டேன்."

அவள் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். தோள், விலா, மணிக்கட்டு என ஒவ்வொன்றாக அழுத்தினாள். எதுவும் உடையவில்லை என்று தெரிந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்தது. எல்லாம் சிரிப்பால் வந்தது என்று சொல்லமாட்டேன்.

"கீழ விழுந்தீங்களா?"

"கீழ விழல," என்றேன், சட்டம் தெரிந்தவன்போல. "தோல் மேலதான்."

அன்வர் பாயைப் பார்த்தாள். "ஆமா சிஸ்டர். தரையில படவே இல்ல."

"சரி. வண்டி இருக்கட்டும். இனிமே சக்கரம் நான் வாங்கறேன்."

அடுத்த வாரமே வாங்கினாள், தட்டு மாட்டுகிற மாதிரி, என்னைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டு. இன்றும் அதில்தான் போகிறேன். நினைத்த இடத்தில் நிற்கிற ஒரு வண்டிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒவ்வொரு பக்ரீத்துக்கும் அன்வர் பாய் பிரியாணியோடு வருவார். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். "அந்த ஜாஸ்தித் தோலு எப்படி கீது சிஸ்டர்?"

"ஓடுது பாய். ஆனா இன்னும் பதமாகல."

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உயிரோடு இருப்பவனுக்குத்தான் இந்தக் கேலியெல்லாம் கிடைக்கும்.