மூச்சு வாங்கினால்தான் மார்க்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பின்னறையைப் பிடித்தே தீருவது என்று லென்ஸ்காரர் சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறையில், குரல் வெளியே கேட்காதபடி.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போடுவது அவர் ஆசை. பிரித்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு பின்னறை காலி. அதை அவர் ரேடியோவுக்குக் கேட்டார். மனைவி தையலுக்குக் கேட்டாள். இந்தச் சண்டையைப் போனில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மகள், ஆளுக்கொரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்து மார்க் போடும் கடிகாரம்.

"ஒரு வாரம் கட்டிக்குங்க. யாருக்கு மார்க் ஜாஸ்தியோ அவங்களுக்கு ரூம். தீர்ப்பு என் போன்ல வந்துரும்" என்றாள்.

லென்ஸ்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தினமும் பாலம் ஏறி இறங்கி சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் அவர். வீட்டுக்குள் இருப்பவள் அவரோடு போட்டியா?

முதல் நாள் காலை. எதிர்க்காற்று. பாலத்தின் உச்சியை நெருங்கி நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தபோது மணிக்கட்டு கிடுகிடுத்தது. பார்த்தார். 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே!'

"யாருடா உட்கார்ந்திருக்கிறது?" என்று கத்தினார்.

பக்கத்தில் வந்த லாரிக்காரர் தலையை நீட்டி, "நான் உட்கார்ந்துதான் ஓட்டுவேன். உமக்கென்னய்யா?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

மாலை வீடு திரும்பினால் மனைவியின் கடிகாரத்தில், மார்க் ஏற ஏற நிரம்பும் பச்சை வளையம் முழுநிலவாக நின்றது. அவருடையதில் மூன்றாம் பிறை.

"நீ வாசலைத் தாண்டலையே!"

"தாண்டலை. மாவு பிசைஞ்சேன், துணி அலசினேன், பக்கத்து வீட்டம்மாகிட்ட கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்."

"வம்பு பேசினதுக்குக்கூடவா மார்க்?"

"சுவாரசியமான விஷயம்னா கை தன்னால ஆடுது. அதுக்கு நான் என்ன பண்ண?"

மகளுக்குப் போன் போட்டார். "அப்பா, நீங்க கைப்பிடியைப் பிடிச்சுட்டே போறீங்க. கை ஆடலைன்னா நீங்க சும்மா இருக்கீங்கன்னு அது நினைச்சுக்கும். சைக்கிள்னு இருக்கிற பட்டனை அமுக்கிட்டுக் கிளம்புங்க."

மறுநாள் அமுக்கினார். 'இலேசான முயற்சி' என்றது கடிகாரம். மறுபடி போன்.

"இப்ப நெஞ்சுத் துடிப்பை வச்சுக் கணக்குப் போடுதுப்பா. எத்தனை வருஷமா அதே பாலம்! உங்க நெஞ்சுக்குப் பழகிப்போச்சு. மூச்சு வாங்கினாத்தான் மார்க்."

"அப்ப, இத்தனை வருஷம் மிதிச்சதுக்கு அபராதமா?"

"அப்பா..."

"பாரம் ஏத்திட்டுப் போனா?"

"ஏறும்."

லென்ஸ்காரர் செங்கல் தேடி வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறைச் சன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது.

"செங்கல்லைக் கொண்டுபோய், செங்கல்லைக் கொண்டுவந்தா தெருவே சிரிக்கும். என் தங்கச்சி தையல் கடையைக் காலி பண்றா. பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே? அவ மிஷினைக் கொண்டுவாங்களேன். கனத்த இரும்பு."

எதிராளியே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாள்! அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பார்வை தெளிய லென்ஸ் தேய்க்கிற மனிதர்.

அன்று மிஷின் தலை வந்தது. நெஞ்சு தவில் வாசித்தது. வளையம் பாதிக்கு மேல் பச்சையானது. அடுத்த நாள் இரும்பு ஸ்டாண்டைக் கேரியரில் கட்டினார். அதற்கடுத்த நாள் துணி வெட்டும் பலகை.

"அத்தான், துணி மூட்டையெல்லாம் இருக்கு. இன்னொரு நடை வருவீங்களா?" என்று கொழுந்தியாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணு என்னம்மா, ரெண்டு நடை வரேன்! கல்லு கில்லு இருந்தாலும் குடு!"

ஆள் உயரக் கண்ணாடி வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூட வந்தது.

"எங்கே வைக்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். மூச்சிரைப்பில் அந்த இரண்டு சொல்லும் நாலாக உடைந்து வந்தன.

"இப்போதைக்குப் பின்னறையில வைங்க" என்றாள் அவள், மோரை நீட்டியபடி.

ஞாயிறு காலை மகள் தீர்ப்புச் சொன்னாள். "அப்பா ஜெயிச்சுட்டார்!"

ரேடியோ ஒன்றைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு லென்ஸ்காரர் பின்னறைக்கு நடந்தார். கதவைத் தள்ளினார். பாதிதான் திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. பெஞ்சில் பக்கத்து வீட்டம்மாவும் அந்தம்மாவின் நாத்தனாரும் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என் ரூம்!"

"உங்க ரூம்தாங்க. யாரு இல்லேன்னது?" மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "இதையெல்லாம் திரும்ப அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுட்டா ஆச்சு. எப்பக் கிளம்பறீங்க?"

லென்ஸ்காரர் தம் முழங்கால்களைக் கலந்தாலோசித்தார். இரண்டும் ஒருமனதாக மறுத்துவிட்டன.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ, என்னங்க இது, பேன்ட் இடுப்புல நிக்கவே மாட்டேங்குது! இப்படி இளைச்சுட்டீங்களே! அப்படிப் போய்க் கழட்டிக் குடுங்க, பிடிச்சுத் தரேன்."

கழற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு கதவுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே மிஷின் ஓடியது, சிரிப்பு ஓடியது. கடைசியில் இடுக்கு வழியாக மெல்லக் கேட்டார்:

"என் பேன்ட் ஆச்சா?"

"வரிசையில வாங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."