பாதிச் சக்கரம்

எதையும் உள்ளது உள்ளபடி விட்டுவைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டால்கூடப் பேனா எடுத்துவிடுவேன். (ஒருமுறை மாப்பிள்ளை பெயரையே திருத்தினேன். அவர் அப்படித்தான் எழுதுவாராம்.) அந்தத் திமிரை அடக்க ஒரு ஜெர்மன் கிராமமே டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சன் வரை வரவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஹெல்கா ஆன்ட்டியின் சொந்த ஊர் ஜெர்மனியில் ஒரு குட்டிக் கிராமம். அந்த ஊர் மேயர் டெக்சாஸ் வருகிறார், ஆன்ட்டி வீட்டில் விருந்து. கேக் என் பொறுப்பு! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கேக் மேல் வரைய வேண்டிய ஊர்ச் சின்னத்தை ஆன்ட்டி போனில் அனுப்பினார். நீலக் கேடயம், அதன் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் அரைச் சக்கரம்.

"ஏங்க, போட்டோ பாதியில கட் ஆயிருக்கு பாருங்க."

"ஆன்ட்டியை ஒரு வார்த்தை கேட்டுடு மீனா" என்றார் என் கணவர் செந்தில்.

"பாவம், வயசானவங்க. கிராப் பண்ணத் தெரியல. நானே முழுசா போட்டுடறேன்."

போட்டேன். கேடயத்தின் நட்டநடுவில், தகதகவென்று முழுச் சக்கரம்.

விருந்தில் இருபது பேர் சூழப் பெட்டியைத் திறந்தேன். மேயர் குனிந்து பார்த்தார். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, யாரும் பாராட்டுவதற்கு முன்பே "தேங்க் யூ, தேங்க் யூ" என்றேன்.

ஆன்ட்டி என்னை ஓரமாக இழுத்துப்போய் விளக்கினார். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், அந்தப் பக்கம் ஒரு கிராமம். நடுவில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் ஒரு மாவு ஆலை. அது யாருக்குச் சொந்தம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. கடைசியில் ஆலை பொது என்று சமாதானமாகி, ஆளுக்குப் பாதிச் சக்கரத்தைத் தங்கள் சின்னத்தில் வைத்துக்கொண்டார்களாம்.

"முழுச் சக்கரம் போட்டால், ஆலையே எங்களுடையது என்று அர்த்தம், மீனா."

அதாவது, டெக்சாஸ் கிச்சனில் நின்றபடியே பக்கத்து ஊரின் பாதி ஆலையை அபகரித்திருக்கிறேன்!

"அம்மா, யூ ஸ்டார்ட்டட் எ வார்!" என்றாள் பத்து வயது மகள் நிலா. அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

மேயர் கத்தியை எடுத்தார். அவர் நிதானமாகச் சக்கரத்தைச் சரிபாதியாக வெட்டினார்.

"இந்தப் பாதி நம்முடையது, சாப்பிடலாம். அந்தப் பாதியை ஒருவரும் தொடக் கூடாது!"

வீடே அதிரச் சிரித்தது. மீதிப் பாதியைப் படமெடுத்து அங்கிருந்தே பக்கத்து ஊர் மேயருக்கு அனுப்பினார். ஒரே நிமிடத்தில் பதில்: "எங்கள் பங்கு எப்போது வந்துசேரும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடைசித் துண்டு எதுவானாலும் செந்தில் கையை நீட்டித் தடுப்பார். "இரு, இது நம்ம ஊரோடதா, பக்கத்து ஊரோடதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா தின்று முடித்திருப்பாள்.