அந்தோனி அண்ணனுக்கு நான் வைத்த மேட்ச்

மைக்கைக் கையில் கொடுத்தால் என் மூளை லீவு போட்டுவிடும். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுவதும் இதை அறியும். (பக்கத்துத் தோட்டமும் அறியும். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான்.)

எங்கள் கால்பந்துக் கழகத்தின் பெயர் வெண்பனி. தாத்தாமார் குடியுரிமை இல்லாமல் இருந்த காலத்தில் தொடங்கியது. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை என்று நின்றவர்களுக்கு, கழகத்தின் பெயர் தைத்த நீலச் சட்டை ஒன்றுதான் சொந்தம். எங்கள் காலத்தில் அதற்குத் தலைவர் அந்தோனி அண்ணன். மேட்ச் அறிவிப்பாளர் நான். வாத்தியார் என்பதால் தமிழ் ஒழுங்காக வரும் என்று நம்பிக் கொடுத்த பதவி.

ஒரு நாள் காலையில் அண்ணன் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் மனைவி செலின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நம்ம டீம் பயலுக எல்லாம் வந்து அவர தூக்கணும் தம்பி. கடைசியா அது ஒன்னுதான் கேட்டாரு."

டீமில் பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் வேலை. போன் போட்டோம், லீவு கிடைக்கவில்லை. ஊரையாவது திரட்டுவோம் என்று, டவுனில் கடை வைத்திருக்கும் நௌசாத் நானாவின் ஆட்டோவில் ஏறினேன். அதில் ஒலிபெருக்கி உண்டு. மேட்சுக்கும் அதே ஆட்டோ, சாவுக்கும் அதே ஆட்டோ.

எங்கள் தோட்டத்தில் ஒழுங்காகத்தான் அறிவித்தேன். பக்கத்துத் தோட்டத்தில், அண்ணன் பெயரைச் சொல்ல மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். பழக்கதோஷம் வந்துவிட்டது.

"நாளை பிற்பகல் மூன்று மணிக்கு, நமது மைதானத்தில், அந்தோனி தலைமையில் வெண்பனி அணி! ரசிகப் பெருமக்கள் திரண்டு வந்து உற்சாகப்படுத்துமாறு அன்புடன் அழைக்கிறோம்!"

நானா வண்டியை நிறுத்தினார். "மாஸ்டர், மையத்து அடக்கத்துக்கு ஆள் கூப்பிடுறமா, மேட்சுக்கா?"

நான் சரியாகத்தான் சொன்னேன் என்று அவரோடு சண்டை பிடித்தேன்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வளைவைத் தாண்டினோம். அங்கே பக்கத்துத் தோட்டத்து டீம், சிவப்புச் சட்டையும் பூட்ஸுமாகத் தயாராக நின்றது. எங்கள் கூட்டத்தைக் கண்டதும் ஒரே விசில்.

"வாங்கடா வெண்பனி, இன்னைக்கு பாத்துருவோம்!"

அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார்கள். விசில் அப்படியே நின்றுபோனது. நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். (ஆறடி ஆள். செடி இடுப்புயரம்.)

அவர்களுடைய தலைவர் ஓடிவந்தார். "யாரு அக்கா பெட்டியில?"

"அந்தோனிதான்" என்றார் செலின் அக்கா. மைதானத்தை ஒருமுறை பார்த்தார். "உள்ள கொண்டு போங்க. ஒரு சுத்து சுத்திட்டு போகட்டும்."

பெட்டியருகே நீலச் சட்டைக்காரர்கள் ஆறு பேர்தான் இருந்தோம்; தோள் மாற்ற ஆளில்லை. யாரும் கூப்பிடாமலே சிவப்புச் சட்டைகள் வந்து தோள் கொடுத்தன. அண்ணனைத் தூக்க அவருடைய டீமுக்கு ஆள் போதவில்லை. அதை நினைத்து நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வெண்பனி ஒரு மேட்ச் கூட ஆடவில்லை.

வருடா வருடம் அண்ணனுக்குப் பூசை கொடுக்கும் நாளில், வரும் சொந்தக்காரர்களிடம் அக்கா என்னைக் காட்டுவார். "எம் புருசன அடக்கம் பண்ண அன்னைக்கு மேட்ச் வச்ச ஆளு இவருதான்!" எல்லாரும் சிரிப்பார்கள். "நான் போனா இவரு கையில மைக்க குடுத்துராதீங்க" என்று என் மனைவியும் சேர்ந்துகொள்வாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்:

"அடுத்த மேட்ச் எப்ப தம்பி?"

தோட்டத்தில் பந்து உதைக்க இப்போது ஆளே இல்லை. "சீக்கிரம்க்கா" என்றுதான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.