சொட்டாத வால்வு

கீசர் மறுபடியும் ஒழுகியது.

முந்தின நாள்தான் பிரம்மநாயகம் அதன் சேஃப்டி வால்வை இறுக்கியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கை சிவக்கச் சிவக்க இறுக்கிவிட்டு, ஸ்பானரைக் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தார். விடிந்து பார்த்தால் தகர வாளியில் தடதடவென்று பழைய கச்சேரி.

"ஒழுகுனா ஒழுகிட்டுப் போவுது. விடுங்களேன்" என்றாள் மனைவி பார்வதி.

"விடவா? ரயில்வே ஸ்டோர்ஸ்ல இருபது வருஷம். எத்தனாயிரம் வால்வை என் கையால எடுத்துக் குடுத்திருக்கேன்! ஒரு வால்வு பூட்டத் தெரியாதாக்கும்?"

எடுத்துக் கொடுத்தவனுக்குப் பூட்டவும் தெரியும் என்று மாட்டுங்கா முழுவதிலும் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் வேறு. ஆனி மாதம் அவர்களுடைய ஒரே மகள் சிவகாமி டைபாய்டில் போய்விட்டாள். பதினோரு வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே, "விளக்கு வைக்கிற வீடு. இனி இங்க யாரும் அழப்படாது" என்று சொல்லிவிட்டார் பிரம்மநாயகம். கல்நெஞ்சுக்காரர் இல்லை, பாவம். பார்வதி அழுதால் தானும் உடைந்துபோவோம் என்ற பயம். பார்வதியும் அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டாள்.

ஆனால் இளைத்துக்கொண்டே வந்தாள். குளிக்கப் போனால் ஒரு மணி நேரம். வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம்.

"என்னளா கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

"அந்தக் கொதிதண்ணி தெறிக்குதுல்லா. ஆவி அடிக்கி."

போதாதா? பெண்சாதியைப் பாடாய்ப் படுத்துவது இந்த வால்வுதான் என்று முடிவு கட்டினார். மகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இவளையாவது காப்பாற்ற வேண்டாமா?

சனிக்கிழமை ரப்பர் வாஷரை மாற்றினார். ராத்திரி ஒரு சொட்டு இல்லை. ஞாயிறு காலையில் பார்வதி குளித்துவிட்டு வந்ததும் போய்ப் பார்த்தால், முன்னைவிட இரண்டு மடங்கு ஒழுகியது.

"ஆளையே மாத்திருதேன்!" என்று வால்வைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, தாராவியில் உதுமானின் பட்டறைக்குக் கிளம்பினார்.

உதுமான் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தத் திருகை யாரோ தளத்திக்கிட்டே இருந்திருக்காவ. ஸ்பானர் பட்ட தழும்பப் பாருங்க."

"நான்தான் இறுக்குனேன்."

"இது இறுக்குன தழும்பு இல்லியே."

"எனக்கு எந்தப் பக்கம் இறுக்கணும்னு தெரியாதுங்கீரா?"

உதுமான் வேறொரு வால்வை எடுத்து நீட்டினார். "இது மேல ஈயம் வெச்சு அடைச்சது. ஆண்டவனே வந்தாலும் கையால தளத்த முடியாது."

வெற்றி வீரராகத் திரும்பி வந்தார். மாடிப்படியில் தண்ணீர் எதிர்கொண்டு அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை குழாயில் இரண்டு மணிக்கே தண்ணீர் வந்துவிடும் என்பது அந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். கேட்டிருந்தால் பார்வதி சொல்லியிருப்பாள். அவர் கேட்டால்தானே! வால்வு இருந்த ஓட்டை வழியாகக் கொட்டித் தீர்த்திருந்தது.

கீழ்வீட்டுக் கோமதியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். "தம்பி, எங்க வீட்டுக்குள்ள தாமிரபரணியே வந்துட்டு. படித்துறை ஒண்ணுதான் கட்டணும்!"

"மன்னிக்கணும் அக்கா. நாளையிலேருந்து உங்க வீட்டுல ஒரு சொட்டு விழாது."

அதைக் கேட்டதும் ஏனோ அவள் கோபம் இறங்கிப்போயிற்று. "ஒரு சொட்டுமா?" என்றாள். "இத்தன நாளும் நான் ஒண்ணும் சொல்லலியே, தம்பி."

சாயங்காலத்துக்குள் புது வால்வு மரையில் சுற்றிய சணலும் வெள்ளைப் பூச்சுமாக உட்கார்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் பிரம்மநாயகம் முதல்முறையாக ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடித்தார்.

திங்கள் காலை வீடே நிசப்தம். பார்வதி குளிக்கப் போனாள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

"பாத்தியா! கண்ணு பளிச்சுனு இருக்கு!"

அவள் அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஈரத்தலையைத் துவட்டவும் இல்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். பெருமை பொங்கியது. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, நின்னுட்டு! இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

கோமதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறு மாசமா எங்க பாத்ரூம் ஒழுகுது, வாளி வெச்சுப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு நாளாவது உங்கிட்ட வந்து சண்ட போட்டனா, தம்பி? நித்தமும் காலம்பற மேல ஸ்பானர் திருகுத சத்தம் கேக்கும், தகர வாளியில தண்ணி விழும், பொறவு அந்தச் சத்தத்துக்குள்ள உன் பொண்டாட்டி 'சிவகாமி, சிவகாமி'ன்னு அழுவா. இனி அவ எங்க போயி அழுவா?"