மூன்றாம் மாடியில் இருந்து இறங்கிய பொருளாதாரம்

எந்த நாடு உருப்படும், எது உருப்படாது என்று டென்மார்க்கில் நாங்கள் வேலைசெய்த ஹோர்சன்ஸ் பண்டகசாலைக் கன்ரீனில் பாண் தின்றுகொண்டே தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் பொருளாதாரம் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு மனிதர்கள் இரண்டே வகை: இழுக்கிறவர்கள், ஏறியிருக்கிறவர்கள். உழைக்கும் வயதுக்காரர் வண்டியை இழுக்கிறார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் ஏறியிருக்கிறார்கள். டென்மார்க்கில் ஏறியிருக்கிறவர்கள் கூடிவிட்டார்களாம். வளர்ந்துவரும் நாடுகளில் இழுக்கிற கைகள் பெருகுகின்றனவாம்; இனி அவர்கள் காட்டில்தான் மழையாம்.

என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர், கேக் வெட்டப் போன பிள்ளையிடம், "கெதியா வளர வேணும், பிள்ளை. என்ரை பென்சன் உங்கடை கையிலைதான்" என்றார். அவள் டெனிஷில் "நை" என்று மறுத்துவிட்டுக் கேக்கை வெட்டினாள். அண்ணை ஒரு கிழமை கவலையோடு திரிந்தார்.

பிறகு நான் வீடு மாறினேன். மதியம் பன்னிரண்டு மணிக்குள் மூன்றாம் மாடி வீட்டைக் காலிபண்ணிக் கதவுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கீழே சாமானோடு நிற்பார்கள். வீடு மாற்றித் தருகிற ஆட்களைப் பிடிப்போம் என்றாள் மனைவி. அண்ணையின் பாடத்தை அரைகுறையாகக் கேட்டிருந்த நான், இளம் பெடியள் இருக்கும்போது எங்களுக்கென்ன குறை என்று, தெரிந்த வீட்டு இளைஞர்கள் அத்தனை பேரையும் வரச்சொன்னேன்.

வந்தார்கள். படிக்கட்டு நிறைய வந்தார்கள். ஆனால் நான் ஒரு பெட்டிகூடக் கட்டியிருக்கவில்லை. தள்ளுவண்டி இல்லை, தூக்கப் பட்டி இல்லை, எதை யார் தூக்குவது என்று சொல்லவும் ஆளில்லை. சொல்லவேண்டிய மகாபிரபுவாகிய நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். இளைஞர்கள் அதைத் தின்றபடி போனைப் பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு அண்ணை வந்தார். அப்போது அவர் பென்சன்காரர். படிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இளம் சனம் கூடினா மட்டும் காணுமே? வேலையும் குடுக்க வேணும், பழக்கவும் வேணும். இல்லாட்டி உன்ரை ரோல்ஸ்தான் முடியும்."

ரோசம் வந்து நான் தனியாகப் போய்ப் பிரிஜைக் கட்டிப்பிடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே சோபாவில் சரிந்தேன்.

"நீ பேசாமல் ஏறியிரு" என்றார் அண்ணை.

இரண்டு பேரைப் பெட்டி கட்ட விட்டார். மற்றவர்களைப் படிக்கட்டின் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, சாமானைக் கைமாற்றப் பழக்கினார். பிரிஜின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். கடைசியாகச் சோபாவை இறக்கினார்கள், என்னோடு சேர்த்து. சுவாமி உலாப்போல நான் இறங்கி வந்ததைப் பார்த்த, குடிவரக் காத்துநின்ற டெனிஷ் தம்பதி, நான் விரைவில் சுகமடையவேண்டும் என்று வாழ்த்திவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

போன வருடம் அண்ணையின் முழங்கால் படியேற மறுத்துவிட்டது. தூரத்து ஊரான புரொண்பியில் இருக்கும் மகளோடு வாழப் புறப்பட்டார். இந்தமுறை பொறுப்பு என்னுடையது. அதே இளைஞர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். பட்டி, தள்ளுவண்டி எல்லாம் முதல்நாளே எடுத்து வைத்தேன். அவரைச் சாமான் ஏற்றும் வானின் முன் சீற்றில் இருத்தினேன்.

"இண்டைக்கு நீங்கள் ஏறியிருங்கோ, அண்ணை."

"ஓம். இப்ப உன்னட்டை ஒரு நாட்டைக் குடுக்கலாம்" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில் வீடு வெறுமையாகி, வான் தெருமுனையில் திரும்பிவிட்டது. வேலையை இவ்வளவு கெதியாக முடித்திருக்க வேண்டாம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.