ஐஸ் அண்ணாச்சி வாய் மூடிய ஞாயிறு

எங்கள் சபையில் ரகசியம் என்று ஒன்றை மிஞ்சவே விடாதவர் ஐஸ் அண்ணாச்சி. மீன்பிடித் துறைமுகத்துக்கு மூன்று சக்கர வண்டியில் ஐஸ் கட்டி கொண்டுபோகிறவர். புறணி பேசமாட்டார். நன்றிதான் சொல்லுவார். அதுதான் ஆபத்து.

ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழும்பிச் சொல்லும் சாட்சி நேரம் வந்தால் முதல் ஆளாக எழும்புவார். "நம்ம டெய்லர் தம்பி மாமியாரை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு நிம்மதியா தூங்குதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" அந்த மாமியார் பஸ்ஸைத் தவறவிட்டு மூன்றாவது பெஞ்சில் இருப்பார். ஸ்தோத்திரத்துக்கு ஆமென் சொல்லாமல் முடியுமா? மருமகனும் சேர்ந்து சொல்லுவான்.

அப்போதுதான் நாசரேத் ஊரிலிருந்து என் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. ஞாயிறு ஆராதனைக்கே வருகிறோம் என்றார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டது. முன்பு நான் குடிகாரன். ஒரு மத்தியானம் துறைமுக ரோட்டில் விழுந்து கிடந்தவனை, அண்ணாச்சி ஐஸ் கட்டிமேல் போட்டு, சாக்கால் மூடி, வீடு சேர்த்தார். அன்றோடு விட்டேன். வருஷம் தவறாமல் அந்த நாளில் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுவார். அந்த வருஷம் அது அதே ஞாயிறில் வந்தது.

சனிக்கிழமையே ஓடினேன். "அண்ணாச்சி, நாளைக்கு மட்டும் வாயத் திறந்துராதிய."

"ஏலே, நன்றி சொல்லலேன்னா எனக்கு வயிறு உப்பிரும்லா!"

"பிள்ள வாழ்க்கை அண்ணாச்சி."

"சரிடே. பிள்ளைக்காக."

மறுநாள் வாயில் கைக்குட்டையைத் திணித்து உட்கார்ந்திருந்தார். "சாட்சி உண்டா?" என்றார் போதகர். சபையே அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர்.

"அந்தப் பெரியவருக்குப் பல்வலியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

என்னைச் சுமந்தவர் வாயையே நான் அடைத்துவிட்டேனே என்று நெஞ்சு கூசியது. எழும்பினேன். குடி, ரோடு, சாக்கு, எல்லாம் சொல்லி, "ஸ்தோத்திரம்" என்றேன்.

அண்ணாச்சி கைக்குட்டையை உருவினார். "மூணு கட்டி ஐஸ் உருகிப்போச்சே, அத விட்டுட்டியேலே!"

கோயிலே சிரித்தது. வாசலில் மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்தார். "குறைய நீங்களே சொல்லிட்டிய. இனி விசாரிக்க என்ன இருக்கு?"

போன வருஷம் அண்ணாச்சி ஆண்டவரிடம் போனார். அங்கே யார் குட்டு வெளியாகிறதோ! இங்கே சாட்சி நேரத்தில் இப்போது நான்தான் முதலில் எழும்புகிறேன். உருகின மூணு கட்டியையும் விடுவதில்லை.