மின்விசிறி சுற்றிய அறை

தனக்கே வேலை இல்லாத ஒரு மனிதர், ஒரே முற்பகலில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஏழு பேருக்கு வேலை போட்டுக் கொடுத்தார். கம்பெனி கிடையாது, பதவி கிடையாது, சட்டைப் பையில் சொந்தப் பேனாகூடக் கிடையாது. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். ஆனால் முதல் இடம் அவருடைய மச்சானுக்கு ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், எதையும் நம்பாத பிறவி. மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகும், "மேல் வீட்டுல எவனோ செடிக்குத் தண்ணி ஊத்தறான்" என்பார். எங்கோ ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். எந்தக் கம்பெனி என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார். "பேரைச் சொன்னா நாளைக்கே சொந்தக்காரன் அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பான்."

அப்படிப்பட்டவர்தான் போன வாரம் கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன் மாப்ளே. அதுக்குள்ள உங்களுக்கு வேலை ஒண்ணும் அமையலைன்னா, பேசாம என் கீழ வந்து சேர்ந்துடுங்க. என் பையைத் தூக்கிட்டுப் பின்னால வர ஒரு ஆள் தேவைதான்."

"சரிண்ணா" என்று சொன்னவள் மனைவி. சொல்ல வேண்டியவர் வாயில் சோறு இருந்தது.

தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டதால் அவரை எல்லாரும் ஸ்டோர்ஸ்காரர் என்பார்கள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், பெயரை மட்டும் யாரும் மூடவில்லை. மூன்று இடங்களில் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். மூன்றிலும், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டவுடன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது இடத்தில் அவரே நன்றி சொல்லி, அவரே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, கிடைத்த ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பொது நூலகத்துக்குப் போனார். அங்கே வேலை தேடுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. எந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும், மேலதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். நேர்முகப் பயிற்சி வேறு, இலவசமாக.

நூலகர் அம்மா ரகசியக் குரலில்தான் பேசுவார். தீப்பிடித்தாலும் அந்தக் குரலில்தான் சொல்வார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. வர்றவங்க முதல்ல கேள்வி கேக்கற பக்கம் உக்காரணும். எதிராளி பதில் சொல்வாங்க. அப்புறம்தான் இடம் மாறணும். கேக்கறவன் மனசு தெரிஞ்சாத்தான் பதில் சொல்றவனுக்குப் பயம் போகும்."

"எதிர்ல யாரும்மா?"

"ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் ஒருத்தர். கொஞ்சம் கறாரான மனுஷர். மாடிக்குப் போங்க, கதவு திறந்திருக்கிற அறை."

மாடியில் இரண்டு அறைகள். இரண்டு கதவும் திறந்திருந்தன. இரண்டிலும் ஆள் இல்லை. ஒன்றில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வியர்த்துப்போய் நிற்கிற எந்த மனிதன்தான் மற்ற அறையைத் திரும்பிப் பார்ப்பான்? ஸ்டோர்ஸ்காரர் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். புழுதி வருகிறதே என்று கதவையும் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வந்தது தலைமையாசிரியர் இல்லை. கையில் கோப்புடன் ஒரு பெண்.

தலைமையாசிரியர் வரவில்லை போலிருக்கிறது, பயிற்சிக்கு வந்த வேறு யாரோ என்று நினைத்துக்கொண்ட ஸ்டோர்ஸ்காரர், தொண்டையைச் செருமி, தன்னை மூன்று முறை கொன்ற அதே கேள்வியைக் கேட்டார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஸ்டோர்ஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா, எனக்கும் அப்படித்தான் ஆகும். விடுங்க. நேத்து என்ன வேலை செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க."

அவள் துணிக்கடையில் திரும்பி வந்த பொட்டலங்களை எப்படிப் பிரித்து அடுக்கினாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அலமாரியில் பார்த்த புத்தகம் ஒன்றில், பயிற்சியை உற்சாகமாக முடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. காசா பணமா, முடித்தார்.

"வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வந்து சேருங்க!"

அடுத்து ஒரு வேன் ஓட்டுநர். அவருக்கும் வேலை. அடுத்து இரண்டு கம்பெனிகள் திவாலான பிறகும் கணக்கை ஒழுங்காக எழுதி முடித்த ஒரு குமாஸ்தா. அவருக்கும் வேலை. ராஜாக்கள்கூட அந்தக் காலத்தில் இவ்வளவு தாராளமாக ஊர்களைத் தானம் கொடுத்திருக்கமாட்டார்கள்.

நான்காவது ஆளை அழைக்கலாமென்று கதவைத் திறந்தபோதுதான் நடைபாதையில் முதலில் வந்த பெண் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"கிடைச்சிருச்சும்மா! பார்சல் கம்பெனியில! துணிக்கடை முதலாளிக்கு இப்பத்தான் போன் பண்ணி, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டேன்!"

ஸ்டோர்ஸ்காரர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். நடைபாதையில் இன்னும் நாலு பேர் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு யாரும் இப்படி எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வரமாட்டார்கள்.

"ஏங்க... இது பயிற்சிதானே?" என்றார் ஈனமான குரலில்.

"சார் நம்மளைச் சோதிக்கிறார்" என்று குமாஸ்தா பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

"சோதிக்கலைங்க! நான் கம்பெனி ஆளே இல்ல. எனக்கே வேலை கிடையாது!"

எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். "எவ்வளவு பெரிய பதவி, எவ்வளவு தமாஷான மனுஷர்!" என்று ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நழுவிவிடலாமென்று படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். உடனே ஏழு பேரும் மரியாதையாக எழுந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி மின்விசிறிக்கு அடியில் வந்து விழுந்தார். விசிறி சுழலச் சுழல வியர்வை ஆறாக ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கீழ்த்தளத்துப் புத்தகங்கள் மிதந்திருக்கும்.

ஒரே வழிதான். மிச்சம் நாலு பேரையும் தோற்கடித்து அனுப்பிவிட வேண்டும். பாவத்தைப் பாதியிலாவது நிறுத்தலாம். யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றை யோசித்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க ஏன் இந்த வேலைக்கு லாயக்கில்ல?"

நான்காவதாக வந்தவர் தலையைக் குனிந்தார். "உண்மையைச் சொல்றேன் சார். ஜனங்களோட எனக்குப் பேசத் தெரியாது. பொட்டலத்தோட மட்டும் விட்டீங்கன்னா, ராத்திரி பகல் அடுக்குவேன்." அடுத்தவள், "நான் ஓயாம பேசுவேன் சார். அதனாலதான் மூணு இடத்துல நிறுத்திட்டாங்க. கோவமா வர்ற வாடிக்கையாளரை மட்டும் என்கிட்ட அனுப்புங்க, களைச்சுப்போய் தானா திரும்பிப் போயிருவாங்க" என்றாள். இவர்களை எப்படி வேண்டாமென்பது? நாலு பேருக்கும் வேலை கொடுத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

தலையைத் தூக்கியபோது வாசலில் கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நின்றார். பின்னால் நூலகர் அம்மா.

"நீங்க யாரு?" என்றார் கண்ணாடிக்காரம்மா. "என் கம்பெனிக்கு ஆள் எடுக்க இந்த அறையைக் கேட்டு வாங்கியிருந்தேன், என் மேனேஜர்தானே இங்க உக்காந்திருக்கணும்? போன் போட்டா எடுக்கலை."

நூலகர் அம்மா ரகசியமாக அலறினார். "ஐயையோ, நீங்க பயிற்சிக்கு வந்தவராச்சே! பக்கத்து அறையில பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, நீங்கதான்னு இருந்துட்டேன்!"

ஸ்டோர்ஸ்காரர் எழுந்து கைகூப்பினார். "அம்மா, என்னைப் போலீஸ்ல வேணும்னா கொடுங்க. ஆனா வெளியில ஒரு பொண்ணு என் பேச்சைக் கேட்டு இருந்த வேலையை விட்டுட்டா. அவளை மட்டும் கைவிட்டுடாதீங்க."

கண்ணாடிக்காரம்மா வெளியே போய் ஏழு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். அந்த நேரத்தில் ஸ்டோர்ஸ்காரருக்குத் தலையில் இருந்த கறுப்பு முடியில் பாதி வெளுத்தது என்பது சத்தியம். திரும்பி வந்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் மேனேஜர் எடுத்த ஆளுங்க எல்லாரும் எல்லாம் தெரியும்னு சொல்லிட்டு வருவாங்க, ஒரு மாசத்துல ஓடிருவாங்க. தனக்கு என்ன தெரியாதுன்னு என்கிட்ட சொன்ன ஆளுங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ஏழு பேரும் வரட்டும். நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"பார்க்கலை."

"திங்கட்கிழமையில இருந்து பார்க்கறீங்க. ஆள் எடுக்கிறது இனிமே உங்க பொறுப்பு. அந்த மேனேஜர் உங்களுக்குக் கீழ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வந்தார். வழக்கத்தைவிடக் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஆனால் உட்கார்ந்தவுடன் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"என்ன மாப்ளே, பை தூக்கத் தயாரா?"

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு மச்சான். நானும் ஏழு பேருக்குக் கொடுத்துட்டேன்."

"வேலையில்லாதவரு வேலை கொடுத்தாராம்! தங்கச்சி, இவருக்கு மோரை நிறைய ஊத்து, வெயில் தலைக்கேறியிருக்கு."

"பொது நூலகத்துல, மாடியில..." என்று ஆரம்பித்தார் ஸ்டோர்ஸ்காரர்.

மச்சானின் கை பாதி வழியில் நின்றது. மின்விசிறி, சாத்திய கதவு, கண்ணாடிக்காரம்மா என்று கதை போகப் போக அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதத்தை உருட்டினார், பிரித்தார், மறுபடி உருட்டினார்.

"எனக்குக் கீழ ஒரு மேனேஜர் வேறயாம். ஆள் யாருன்னுகூடத் தெரியாது" என்று முடித்தார் ஸ்டோர்ஸ்காரர்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்ணா, நீயே சொல்லு, இதெல்லாம் நடக்கிற காரியமா?"

மச்சான் மெதுவாக நிமிர்ந்தார்.

"நடந்துச்சும்மா. கதவு சாத்தியிருக்கேன்னு பக்கத்து அறைக்குப் போனேன், அந்தத் தலைமையாசிரியர் பயிற்சிக்கு வந்த ஆளுன்னு நினைச்சு இடம் மாத்தி உக்காரவச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, மேனேஜர் வேலைக்கே லாயக்கில்லைன்னு ஃபெயில் போட்டு அனுப்பினது என்னைத்தான்... நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், சார்?"